இரண்டு விரற்கடை

முந்தின நாள் மாலை தானே தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, மட்டம் பார்த்துவிட்டுப் போன செம்மண் டென்னிஸ் தளத்தில் காலையில் ஒரு கீறல் இருந்தது. ரசாக் துடைப்பமும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்கோட்டை ஒட்டி, இடது பாதியில், அரிவாள் நுனி போல வளைந்த ஒரு சாண் கீறல். அதுவரை நடந்து வந்த தடமும் இல்லை, திரும்பிப் போன தடமும் இல்லை. சுற்றிலும் மண் துடைத்த பலகை மாதிரி கிடந்தது.

அது யாருடைய கால் என்று அவனுக்குத் தெரியும். எட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கால். சர்வீஸ் போட உடம்பு எழும்பும்போது திருமலைசாமியின் வலது பெருவிரல் தரையை அப்படித்தான் இழுத்துக்கொண்டு வரும். அவனுடைய கேன்வாஸ் ஷூக்கள் எல்லாமே அந்த ஒரு இடத்தில்தான் ஓட்டையாகும்.

திருமலைசாமி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ரசாக் கீறலைப் பெருக்கி, மண் தூவி, தட்டி மூடினான். வெயில் ஏறுவதற்குள் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். சனிக்கிழமை இறுதி ஆட்டம்.

அது 1958 மே மாதம். கோயமுத்தூரில் அப்போது மில்லுக்கு மில் ஒரு கிளப்பும், கிளப்புக்கு இரண்டு டென்னிஸ் தளமும் இருந்தன. முதலாளிமார்களுக்கும் ஆபீசர்களுக்கும் பந்தடித்துப் பழக்கிவிட, தளத்தைப் பராமரிக்க, மட்டைக்கு நரம்பு கட்ட, சம்பளத்துக்கு வைத்திருந்த ஆட்டக்காரர்களை மார்க்கர் என்பார்கள். அந்த மார்க்கர்களிடம் ஒரு செட் ஜெயிக்க முதலாளிகளால் முடியாது. ஆனால் ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறவன் என்பதால் பெரிய மனிதர்களின் போட்டிகளில் மார்க்கர் பெயர் கொடுக்க முடியாது. அவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு போட்டிதான். சீசன் முடிகிற மே கடைசியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுப்பதற்கு முன்னால், நொய்யல் கிளப்பில் நடக்கும் இரட்டையர் கோப்பை. கரூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும்கூட ஜோடிகள் வரும்.

போன வருஷக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ரசாக்கும் திருமலைசாமியும்தான் ஒரு பக்கம் நின்றார்கள். இருவரும் அப்போது ஒரே மில் கிளப்பில் வேலை. ரசாக் கோட்டைமேட்டுக்காரன், அடியில் கெட்டி. திருமலைசாமி பெரியநாயக்கன்பாளையத்தில் நாலு ஏக்கர் மானாவாரிக் காடும் ஒரு கிணறும் உள்ள நாயுடு வீட்டுப் பையன். அவனுடைய பலம் கண். பந்து எதிராளி மட்டையை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று சொல்லிவிடுவான். வெளியே போகிற பந்தென்றால், "உடுங்க பாய்" என்பான். ரசாக் மட்டையை இழுத்துக்கொள்வான். எட்டு வருஷத்தில் அந்தச் சொல் ஒரு தடவையும் பொய்த்ததில்லை.

அன்றைக்கு இரண்டாவது செட்டில் ஒரு பந்தை ரசாக் அவுட் என்றான். அது அவுட்தான். கோட்டுக்கு ஆள் கிடையாது. அவரவர் பக்கத்துப் பந்தை அவரவரே சொல்ல வேண்டும், உயர நாற்காலியில் இருக்கும் அம்பயர் அதை அறிவிப்பார். ரசாக் சொன்னதும் நாற்காலி வரிசையிலிருந்து யாரோ ஒரு விருந்தாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மார்க்கருக்குக் கண்ணு சவுகரியத்துக்குத் தகுந்தாப்புலதான் தெரியும்." நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நொய்யல் கிளப் தலைவர் கோவிந்தராஜுலுவும் அந்த வரிசையில்தான் இருந்தார். தன் கிளப்புக்குத் தலைமை மார்க்கர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

ரசாக்குக்குக் காது மடல் எரிந்தது. அந்த எரிச்சல் ஆட்டம் முடிகிற வரைக்கும் தணியவில்லை.

மூன்றாவது செட் கடைசி. எதிர் ஜோடிக்கு மேட்ச் பாயிண்ட். எதிரே இருந்த சுப்பண்ணன் பந்தை வானத்துக்குத் தூக்கினான். வலையருகே நின்ற திருமலைசாமியின் தலைக்கு மேலாக அது இடது மூலைக்குப் போயிற்று. ரசாக் குறுக்கே ஓடினான். "உடுங்க பாய்!" என்று குரல் வந்தது. ரசாக் விட்டான். பந்து அவன் கண்ணெதிரே, கோட்டுக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது.

குனிந்து தடத்தைப் பார்த்தான். நிமிர்ந்து நாற்காலி வரிசையைப் பார்த்தான். சிரித்த விருந்தாளி இப்போதும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்.

"உள்ளதானுங்க விழுந்துச்சு," என்றான் ரசாக். சொல்லிக்கொண்டே காலால் தடத்தைத் தேய்த்தான்.

தோல்வியைத் தன் வாயாலேயே சொன்னவனுக்காக முழு வரிசையும் எழுந்து நின்று கை தட்டியது. கோவிந்தராஜுலு தளத்துக்குள் இறங்கி வந்து, ஒரு மார்க்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரே ஒரு குரல் மட்டும், ரசாக்குக்கு மட்டும் கேட்கும்படி, "அவுட்டுங்க பாய்" என்றது.

"இல்ல சாமி. கோட்டு மேல உழுந்துச்சு. பக்கத்துல நின்னு பாத்தவன் நான்."

திருமலைசாமி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அப்ப எனக்குத்தானுங்க தப்பாத் தெரிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு மட்டையை உறையில் போட்டான்.

ஒரு வாரத்தில் ரசாக் நொய்யல் கிளப்பின் தலைமை மார்க்கர் ஆனான். ஒரு மாதத்தில், கோப்பையைக் கைநழுவ விட்டவன் என்று சொல்லித் திருமலைசாமியை மில் கிளப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் ஊருக்குப் போய்விட்டான். கார்த்திகை மழையில் கிணற்றில் தவறி விழுந்து இறந்தான் என்ற செய்தி ரசாக்குக்குப் பத்து நாள் கழித்து வந்தது. அவன் துக்கம் கேட்கப் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நினைத்தே ஆறு மாதம் கழிந்தது.

இரண்டாம் நாள் காலையிலும் கீறல் இருந்தது. மூன்றாம் நாள் அவன் பூட்டிய கம்பிக் கதவைத் தானே திறந்து உள்ளே போனான். அப்போதும் இருந்தது. வீட்டில் மனைவி ஆமினா பீவியிடம் சொன்னான். கீறலைப் பற்றி மட்டும்தான் சொன்னான்.

அவள் ஆப்பச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தண்ணன் மவுத்துக்கு நீங்க ஏனுங்க போகல?"

"வேல இருந்துச்சு."

"ஆறு மாசமாவா? அந்தம்மாளப் பாத்து ஒரு வார்த்த பேசிட்டு வாங்க. நீங்க போகாததுதான் அங்க கெடக்குது."

"கோப்பை முடியட்டும். போயிட்டு வாரேன்."

இந்த வருஷம் ரசாக்குக்குக் கிளப் கொடுத்த கூட்டாளி நஞ்சுண்டன். கொள்ளேகால் பக்கத்துக்காரன், சித்திரையில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். திருமலைசாமியைப் பார்த்ததில்லை, அவன் பெயரைக்கூட யாரும் இவனிடம் சொன்னதில்லை. கன்னடம் கலந்து பேசுவான். ரசாக்கை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான். வெளியே போகிற பந்துக்கு, துரைகளிடம் கற்றுக்கொண்டபடி "லீவ்!" என்று கத்துவான். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் கத்துவான்.

புதன்கிழமை அரையிறுதி. முதல் செட்டில் இரண்டுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தார்கள். எதிராளி ஓங்கி அடித்த பந்து ரசாக்கின் தோளுயரத்துக்கு வந்தது. அடிக்க மட்டையை ஓங்கிவிட்டான். இடது பக்கத்திலிருந்து, நிதானமாக, பக்கத்து வீட்டுக்காரன் பேசுகிற மாதிரி ஒரு குரல்:

"உடுங்க பாய்."

ரசாக்கின் கை அப்படியே நின்றது. பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். நஞ்சுண்டன் முழங்காலில் கையூன்றி அடுத்த சர்வீஸுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப என்ன சொன்னே நீ?"

"லீவ்னு சொன்னேன். யாக்கண்ணா? ஏன் கேக்குறீங்க?"

அன்றைக்கு ஒன்பது தடவை அந்தக் குரல் வந்தது. ஒன்பது பந்தும் வெளியே போயின. ஆட்டம் சுலபமாகக் கைக்கு வந்தது. பார்த்தவர்கள் ஜோடிப் பொருத்தம் என்று மெச்சினார்கள். ரசாக் குடிநீர்ப் பானையருகே போய் நின்று, மெச்சியவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தான். நஞ்சுண்டன் படியில் உட்கார்ந்து வலது காலின் ஷூவைக் கழற்றிப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் இருக்கும் இடத்தில் துணி கிழிந்து சதை தெரிந்தது.

"போன வாரம் வாங்கினது அண்ணா. காலு தானா இழுக்குது. நிறுத்தப் பாத்தாலும் நிக்க மாட்டேங்குது," என்றான். அவன் முகத்தில் பயமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. எதிரே அதே சுப்பண்ணனும் அவன் கூட்டாளியும். மேற்கேயிருந்து காற்று விட்டு விட்டு அடித்தது. சவுக்கு மரங்கள் சாய்ந்து எழுந்தன. நாற்காலி வரிசையில் போன வருஷத்து முகங்களே நிறைந்திருந்தன. கோவிந்தராஜுலு பக்கத்திலிருந்தவரிடம் ரசாக்கைக் காட்டி ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று ரசாக்குக்குத் தெரியும். ஒரு வருஷமாக எல்லோரும் அவனைப் பற்றிச் சொல்வது அது ஒன்றுதான்.

முதல் செட் இவர்களுக்கு. இரண்டாவது சுப்பண்ணனுக்கு. மூன்றாவதில் ஆறுக்கு ஐந்து என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். குரல் அன்றைக்கும் வந்துகொண்டிருந்தது. ரசாக் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. சொன்னதும் மட்டையை இழுத்துக்கொண்டான். அதைவிடக் கொடுமை, அவனுக்கு அது பழகிப்போனதுதான். பக்கத்தில் நிற்பது யார் என்று மறந்து, ஒரு தடவை "சரி சாமி" என்றுகூடச் சொல்லிவிட்டான்.

மேட்ச் பாயிண்ட், இந்தத் தடவை இவர்களுக்கு. சுப்பண்ணன் பின்னுக்கு ஓடி, வேறு வழியில்லாமல் பந்தை வானத்துக்குத் தூக்கினான். வலையருகே நின்ற நஞ்சுண்டனின் தலைக்கு மேலாக அது இடது மூலைக்கு வந்தது. ரசாக் குறுக்கே ஓடினான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடியோடு நின்றுவிட்டது. சவுக்கு மரங்கள் ஓவியம் போல நின்றன. பந்து மேலேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"உடுங்க பாய்."

ரசாக் விட்டான். பந்து விழுந்து எழும்பி வேலியில் போய் மோதியது. அவன் குனிந்தான்.

தடம் இரண்டு இருந்தது.

ஒன்று கோட்டின் மேல், சுண்ணாம்பைச் சிதறடித்துக்கொண்டு. மற்றொன்று இரண்டு விரற்கடை தள்ளி வெளியே. இரண்டிலும் மண் ஈரமாக, அப்போதுதான் அமுங்கியதுபோல இருந்தது. விழுந்தது ஒரே பந்து. ஆட்டத்தில் அந்த மூலைக்கு வேறு பந்து வரவில்லை. வந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இரண்டும் இருந்தன.

"பாய், என்னாச்சுங்க?" என்று அம்பயர் மேலேயிருந்து கேட்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். நஞ்சுண்டன் வலையைப் பார்த்தபடி, இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் திரும்பவில்லை. ஆனால் குரல் காதோரத்தில் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"அவுட்டுங்க பாய்."

ரசாக் தலையைத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்:

"அவுட்டு! அவுட்டுத்தானுங்க! போன வருஷம் நான்..."

மேற்கொண்டு அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அம்பயர் ஆட்டத்தை அறிவித்துவிட்டார். கைதட்டல் எழுந்தது, கூடவே காற்றும் எழுந்தது. நஞ்சுண்டன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். கோவிந்தராஜுலு வந்து தோளில் தட்டி, "ரசாக் அவுட்டுன்னா அவுட்டு. அளந்து பாக்க வேண்டியதே இல்ல," என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். எல்லோரையும் விலக்கிக்கொண்டு ரசாக் மூலைக்குப் போய்ப் பார்ப்பதற்குள் அங்கே பத்துப் பேர் நடந்துவிட்டார்கள். எந்தத் தடமும் மிஞ்சவில்லை. இன்றைய பந்து எங்கே விழுந்தது என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெரியநாயக்கன்பாளையம் போனான்.

திருமலைசாமியின் மனைவி ரங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து விதைக்கு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இவனை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"வாங்க," என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ரசாக் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். விருந்தாளி சிரித்தது, பந்து விழுந்த இடம், தான் சொன்னது, காலால் தேய்த்தது. அவள் கை கடலையை உடைப்பதை நிறுத்தவே இல்லை. அவன் முடித்த பிறகும் ஒரு கைப்பிடி உடைத்து முறத்தில் போட்டாள்.

"அவரு உங்கள ஒரு சொல்லுச் சொல்லலீங்க," என்றாள். "எங்கண்ணு கெட்டுப்போச்சு ரங்கம்மான்னுதான் சொன்னாரு. கோயமுத்தூருல டாக்டருகிட்டப் போனாரு. கண்ணுல ஒரு கொறையும் இல்லீன்னு டாக்டரு சொல்லீருக்காரு. அதையும் நம்பல. பக்கத்துல நின்ன பாயி பொய் சொல்லமாட்டாருன்னுட்டாரு."

அவள் முறத்தில் கிடந்த சொத்தைப் பருப்பு ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள்.

"அப்பறம் எதையுமே கண்ணால நம்பறதில்லீங்க. ஊட்டுப் படியக்கூடக் காலுல தடவிப் பாத்துத்தான் எறங்குவாரு. கெணத்துப் படியிலயும் அப்பிடித்தான், படி இருக்குதா இல்லையான்னு பெருவெரலால தடவிக்கிட்டே எறங்குவாரு. மழ நாளுல கல்லு பாசி புடிச்சுக் கெடந்துச்சு." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கண்ணால பாத்து எறங்கீருந்தா விழுந்திருக்க மாட்டாருங்க."

ரசாக் கை கூப்பினான்.

"என்னைய மன்னிக்கோணும் அம்மணி."

"எங்கிட்டச் சொன்னா என்னங்க ஆகும்? எனக்கு எப்பவும் தெரியும், அவரு கண்ணு தப்பாதுன்னு." அவள் எழுந்து நின்றாள். "எத்தன பேரு முன்னால சொன்னீங்களோ அத்தன பேரு முன்னாலயும் சொல்லுங்க. சொல்லிப்போட்டு அப்பறம் இங்க வாங்க. அப்ப உக்காரச் சொல்றேன்."

அன்று மாலை கிளப் புல்வெளியில் பரிசளிப்பு. மேஜை விரிப்புகள் காற்றில் படபடத்தன. கோவிந்தராஜுலு கோப்பையைத் தூக்கிக்கொண்டு, நேர்மை என்ற சொல்லை நாலு தடவை சொல்லி, ரசாக்கை மேடைக்கு அழைத்தார். ரசாக் போனான். கோப்பையை வாங்கவில்லை.

"போன வருஷத்துப் பந்து அவுட்டுங்க," என்றான். "வெளிய ரெண்டு வெரக்கடை. பாத்துப்போட்டுத்தான் உள்ளன்னு சொன்னேன். நீங்கெல்லாம் என்னைய நல்லவன்னு சொல்லோணும்னு சொன்னேன். திருமலைசாமி சொன்னதுதானுங்க நெசம். அவன் கண்ணு ஒருக்காலும் தப்பினதில்லீங்க."

புல்வெளியில் யாரோ கனைத்தார்கள். கோவிந்தராஜுலு சிரிக்க முயன்று, "வெயில்ல ஆடினது பாய்க்கு ஒத்துக்கல போல," என்றார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. ஒரு பொய்யை அத்தனை லேசாக நம்பியவர்கள் இந்த உண்மையை நம்ப மாட்டார்கள் என்று ரசாக்குக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவுட்டுத்தானுங்க." பின்வரிசையிலிருந்து சுப்பண்ணன் எழுந்திருந்தான். கனத்த ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "அடிச்சவன் நானுங்க. எனக்கு அங்கிருந்தே தெரிஞ்சுச்சு. பாயி உள்ளன்னு சொன்னதும் வாய மூடிக்கிட்டேன். போன வருஷக் கோப்பைய ஊட்டுல வெச்சிருக்கறேன். கொண்டாந்து குடுத்தர்றேனுங்க."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தராஜுலு கையிலிருந்த கோப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு, வெறும் கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். விழா அதோடு கலைந்தது. அடுத்த சீசனில் மார்க்கர்களுக்கான போட்டியை நொய்யல் கிளப் நடத்தவில்லை. அதற்கடுத்த சீசனிலும் நடத்தவில்லை.

திங்கட்கிழமை காலை ரசாக் வேலையை விட்டு நின்று, தளத்துச் சாவியை நஞ்சுண்டனிடம் கொடுத்தான். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. நஞ்சுண்டனும் போய்ப் பார்த்ததாகச் சொல்லவில்லை. வெறும் காலோடு நின்று சாவியை வாங்கிக்கொண்டான். "யாரோ கூட இருந்தாங்க அண்ணா, இந்த ஒரு வாரம். இப்ப இல்ல," என்று மட்டும் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

கேட்டுக்கு வெளியே சுப்பண்ணன் காத்துக்கொண்டிருந்தான். கையில் துணியில் சுற்றிய கோப்பை இருந்தது.

"கிளப்புல வாங்க மாட்டேங்கறாங்க பாய். எங்க மில்லுலயும் இனி வரவேண்டாம்னுட்டாங்க. இத என்ன பண்ணறதுங்க?"

"பெரியநாயக்கன்பாளையம் போறேன். வாரீங்களா?"

சுப்பண்ணன் தலையாட்டினான். இருவரும் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு நடந்தார்கள். வழியில் ரசாக் கீறலையும் குரலையும் பற்றிச் சொன்னான். காற்று முதுகில் தள்ளிற்று. பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகு சுப்பண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"உங்களுக்கு மட்டுந்தான் இப்பிடின்னு நெனச்சுட்டீங்களா பாய்?"

"என்ன?"

"கார்த்திகையில இருந்து நான் தூக்கிப் போடற பந்து ஒண்ணும் நேரத்துக்குக் கீழ வர்றதில்லீங்க. மேல போயி அங்கயே நிக்குது. எதுக்க நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியறதில்ல, அவன் சாதாரணமா அடிச்சுப்போடறான். எனக்கு மட்டும் அது நிக்குது. அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பேன். ஒருக்கா அது எப்ப வருமோன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னு மயக்கமே போட்டு விழுந்துட்டேன்."

ரசாக் அவனைப் பார்த்தான். கனத்த முகம் வியர்த்திருந்தது.

"இனிமே வருமுங்களா?"

"ஆடிப் பாத்தாத்தானுங்க தெரியும்," என்றான் ரசாக்.

பஸ் வந்தது. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுப்பண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ரசாக் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.